வெற்றித்தூணுக்கு மூன்று சுற்று

துலுக்காணம் வாயை மூடிக்கொண்டது திங்கட்கிழமை காலையில். பேசுகிற வாய் ஆடி மாசமே பாதி போய்விட்டது. இது சாப்பிடுகிற வாய்.

மருமகள் வினோதா வழக்கம்போல இருட்டோடு எழுந்து, நொய்யரிசியைக் குழைய விட்டு, மோர் ஊற்றிக் கரைத்து, கட்டி இல்லாமல் கையால் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். கிழவருக்கு இடது கையும் இடது காலும் விழுந்துபோய் நாலு மாசம். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, மோவாய்க்குக் கீழே துண்டைச் செருகி, ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனாள். உதடு திறக்கவில்லை.

"வாயத் தொறங்க மாமா. டைமாவுது. பஸ்ஸு போயிரும்."

அவர் அவளைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டு, 'நாளைக்கு வா' என்பதுபோல ஒரு பார்வை. கஞ்சி மோவாயில் வழிந்து துண்டில் இறங்கியது. வினோதா துடைத்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடி துடைத்தாள். மத்தியானம் மாமியார் எல்லம்மா பால் கொடுத்துப் பார்த்தாள், சாயங்காலம் மகன் எழிலரசன் டீயில் பன்னை ஊறவைத்துக் கொடுத்துப் பார்த்தான். தண்ணீர் மட்டும் ரெண்டு வாய் இறங்கியது. அதுவும் நாக்கு ஒட்டிக்கொண்டதால்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாலமோன் வந்து உட்கார்ந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், உளறிவிட்டுப் போனதுதான்.

"வெள்ளிக்கெழம தூண எடுக்குறாங்களாம் மச்சான். மேம்பாலம் வருதாம். மிஷினு வந்து நின்னுகினு கீது."

தூணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊருக்கு நடுவில், நாலு ரோடும் வந்து முட்டுகிற இடத்தில் நிற்கிறது அது. உச்சியில் ஒரு பல்சக்கரம், இடுப்பில் 'வெற்றித் தூண்' என்ற எழுத்து, கால்மாட்டில் இளநீர் வண்டி. பஸ் கண்டக்டர்கள் ஊர் பேரைச் சொல்வதில்லை. "தூணு, தூணு, தூணுல்லாம் எறங்கு" என்பார்கள். நாற்பது வருசத்துக்கு முன்னால் இங்கே ஒரு கம்பி ஆலை இருந்தது. சிவக்கச் சிவக்கப் பாய்ந்து வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து, அடுத்த உருளைக்குள் திருப்பி விடுகிற வேலை. பிடி தவறினால் தொடை போச்சு. அதுவரைக்கும் வயலில் கூலிக்குப் போன ஜனம், ஆலையிலும் கூலியாகத்தான் நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க ஆலை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, பெண்டுகள் கஞ்சித்தொட்டி வைத்து, கடைசியில் எல்லோரையும் நிரந்தரமாக்க வைத்தார்கள். ஜெயித்த கையோடு அவர்களே ஜல்லி கொட்டி, அவர்களே கலவை போட்டு எழுப்பிய தூண் அது. கலவை போட்டவர்களில் துலுக்காணமும் ஒருத்தர், சாலமோனும் ஒருத்தர்.

அப்புறம் ஒரு வழக்கம் வந்தது. அந்தப் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் யார் செத்தாலும், சுடுகாட்டுக்கோ கல்லறைக்கோ போகிற வழியில் பிணத்தைத் தூணடியில் இறக்கி, மூன்று சுற்றுச் சுற்றி எடுத்துப் போவார்கள். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்தது. ஆரம்பத்தில் முகம் சுளித்த பாஸ்டர்கூட, பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று முடியும்வரை நிற்கப் பழகிக்கொண்டார். கஞ்சித்தொட்டியில் கிளறிய பெண்டுகளுக்கும் அந்த மரியாதை உண்டு. சாலமோன் சம்சாரம் ஞானம்மா அப்படிச் சுற்றிப் போனவள்தான். ஆலை மூடியாயிற்று. அந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் அடுக்குகிறார்கள். ஆனாலும் சாவு என்றால் டிராபிக் போலீஸ் லாரிகளை நிறுத்தி வழி விடுவான். இத்தனை பேருக்கும் தோள் கொடுத்தவர் துலுக்காணம். ஒரு சாவையும் அவர் விட்டதில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாலமோன் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோணிப்போன வாயால் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் போட்டார்.

"எல்லாரையும்... சுத்தி அனுப்ச்சேன். நான் மட்டும்... பைபாஸ்ல போவணுமா?"

சாவுக்குத் தேதி குறிக்கிறவன் எமன் என்பார்கள். துலுக்காணம் எமனுக்கே தேதி குறித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை இந்தப் பக்கம் வெறும் தண்ணீராக விழாது. கொடியில் கிடந்த துணியில் சிம்னிப் புகையின் கரிப்பொட்டு விழுந்தது. பள்ளிப்பட்டிலிருந்து துலுக்காணத்தின் தங்கச்சி முத்தம்மாள் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள். அண்ணன் சாப்பாட்டை விட்டுவிட்டார் என்று போனில் கேட்டதும் பிணத்துக்குப் போர்த்துகிற கோடித்துணியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டவள். வாசலில் பந்தல் இல்லாததைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டுப்போனாள்.

"இன்னும் கீறாரா அண்ணி?"

"உள்ள படுத்துனு கீறாரு. போய்ப் பாரு" என்றாள் எல்லம்மா. அவள் முறத்தில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டு மீன்காரி காலையில் கொடுத்துவிட்டுப் போனது.

முத்தம்மாள் உள்ளே போய் அண்ணனின் காலைத் தடவிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, தானும் ஒரு கை நெத்திலியை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். சாவு வீட்டுக்கு வந்தவளுக்கு மீன் ஆய வேண்டியிருந்தது. உறவு என்றால் அதற்கும் தயாராகத்தான் வரவேண்டும்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவலாம்ல? மூக்குல டியூப்பு வுடுவாங்க."

"வுடுவாங்க. வுட்டா பத்து நாளு வார்டுல போட்டு வப்பாங்க. வெள்ளிக்கெழம பூடும்" என்றாள் எல்லம்மா. "அவரு போவணும்னு முடிவு பண்ணிக்கிறாரு முத்தம்மா. வீம்பு புடிச்ச மனுசன். கேட்டாண்ட ஒரு மழ காலம் ஒக்காந்த ஆளு. நம்ம ஸ்பூனுக்கா மசிவாரு?"

வேலை முடிந்து வந்து கதவோரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வினோதாவின் பக்கம் திரும்பினாள்.

"நீயும் காலங்காத்தால அவராண்ட மல்லுக்கட்டாத. கஞ்சி வாணாம். தண்ணி மட்டும் குடு."

"சரி அத்த."

அந்த 'சரி' எவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்தது என்பதை வினோதா கவனித்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து விழுகிற ரப்பர் வளையங்களின் ஓரத்துப் பிசிறைச் சின்ன பிளேடால் நறுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்றபடி அதே வளையம், அதே பிசிறு. காண்டிராக்ட்காரர் மாறும்போதெல்லாம் பழைய ஆளே புது ஆளாகிவிடுவாள். வீட்டுக்கு வந்தால் கிழவரைப் புரட்டி முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட்டு, ஈரத்துணியை மாற்றி, ரப்பர் நாற்றம் போகாத கையாலேயே சோறு வடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஆகிவிட்டால் நல்லது என்று அவளும் நினைத்தாள். அவருக்கு நல்லதா, தனக்கு நல்லதா என்று யோசித்தாள். ரெண்டும்தான் என்று பட்டது. இப்படி நினைக்கிறோமே என்று ஒரு அழுகையாவது வர வேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோலத் தன்னையே கிள்ளிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது எழிலரசனுக்கு போன் வந்தது. அவன் கண்டெய்னர் யார்டில் பெட்டி தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசமாட்டான். போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாலும், பத்துக்குப் பத்து அறையில் மூலை என்பது எல்லோருக்கும் பொது.

"இல்ல தலைவா... இன்னும் ஆவல... வியாழக்கெழம வச்சிக்கலாம்... தெர்ல தலைவா, நான் எப்டி கரெக்டா சொல்றது?"

"யாருடா?" என்றாள் எல்லம்மா.

"பூப்பல்லக்கு வண்டிக்காரன். வேற எடத்துல கேக்குறாங்களாம். பாடி எப்பன்னு கேக்குறான்."

முத்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எழிலரசன் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான்.

"பேஜாரா கீதும்மா. பெத்த அப்பனுக்கு நேரம் பாத்துகினு ஒக்காந்துனு கீறோம்."

"அவரு கேக்குறதத்தான குடுக்குறோம்" என்றாள் எல்லம்மா. "வேற இன்னாடா கேட்டாரு அவரு நம்மள? ஒரு நல்ல சட்ட கேட்டாரா?"

வினோதா அவன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு ஆட்டோல வச்சி இட்டுகினு போயி, மூணு சுத்து சுத்திக் கூட்டியாந்தா இன்னா அத்த? ஆச தீந்துரும். அப்பறம் சாப்புடுவாருல்ல?"

எல்லம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "அடியே, பொணம் சுத்துற எடத்துல உசுரோட சுத்துவாங்களா? வாயக் கழுவு."

உள்ளே கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். துலுக்காணத்துக்கு எல்லாமே கேட்டிருந்தது. வினோதாவைப் பார்த்து, வலது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"உசுரோட... தெனம் சுத்துனேன். பஸ்ல."

சொல்லிவிட்டு வாயை மறுபடி இறுக்கிக்கொண்டார். அந்த யோசனை அதோடு முடிந்தது.

புதன்கிழமை கிழவரின் கண் உள்ளே போய்விட்டது. வியாழக்கிழமை மூச்சு இழுக்கத் தொடங்கியது போலிருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. முத்தம்மாள் நாடியைப் பிடித்துப் பார்த்து, "ஓடுது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது சந்தோஷம்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்கும். வினோதா கம்பெனி பஸ்ஸில் போகும்போது தூணைப் பார்த்தாள். சுற்றிலும் தகரம் அடைத்திருந்தார்கள். இளநீர் வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. மஞ்சள் மிஷின் ஒன்று கையை மடக்கிக்கொண்டு மழையில் நின்றது. சாயங்காலம்வரை அவள் வெட்டிய வளையங்களில் பாதி கோணலாகப் போய், சூப்பர்வைசர் வந்து திட்டிவிட்டுப் போனான். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாலமோன் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற கோலம். நாலு நாளாகக் குற்ற உணர்ச்சி அவரைத் தின்றுகொண்டிருந்தது. தன் வாயால் கெட்டதைத் தன் வாயாலேயே சரிபண்ணிவிடலாம் என்று வந்திருந்தார்.

"மச்சான், நல்ல சேதி. தள்ளி வச்சிட்டாங்க. கலெக்டரு ஆபீசுலேர்ந்து ஆர்டரு வந்துகிது. பொங்கலுக்கு அப்பறம்தானாம். மிஷினே திரும்பிப் போய்கினு கீது. நீ சாப்புடு மச்சான். வினோதா, கொஞ்சம் கஞ்சி எடுத்தாம்மா."

வினோதா எடுத்து வந்தாள். துலுக்காணம் சாலமோனின் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சாலமோன் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார், அது வெளியே இருக்கும்போது இதைச் சொல்லிவிட்டோமே என்பது மாதிரி. கிழவருக்குப் போதுமாக இருந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்த சாலமோன் வாசற்படியில் நின்று வினோதாவிடம் முனகினார்.

"அவங்கிட்ட எனுக்குப் பொய்யி சொல்லவே வராதும்மா. அந்தக் காலத்துலியே வராது. நான் செஞ்சது மாபாதகம். நான் ஏன் சொன்னேன் அவங்கிட்ட?"

"எப்பிடியும் தெரிஞ்சிருக்கும் பெரிப்பா."

"ஞானம்மாவ அங்கதான சுத்துனோம். நானும் அங்கியே சுத்திப் போவணும்னு தான் நெனச்சேன். எனுக்கு இல்லன்னு ஆயிப்போச்சி. அவனுக்காவது கெடைக்கட்டுமேன்னு வேற நடுவுல ஒரு எண்ணம் ஓடுது பாரு. இன்னா மனுசன் நானு."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது துலுக்காணம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எல்லம்மா கட்டிலருகில் கீழே உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். எழிலரசன் எழுந்து அப்பாவைப் பார்த்தான், பிறகு யாரையும் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். வினோதா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தூண் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது, வேலை தொடங்கியிருந்தது. மிஷினின் இரும்பு அலகு தூணின் இடுப்பில் கொத்தியது. கூட்டம் என்று பெரிதாக இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். டிராபிக் போலீஸ் விசில் ஊதி அவர்களை விரட்டினான். தகரத்துக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் சேர் ஒன்றைப் போட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தார் சாலமோன். கோஷம் போட யூனியன்காரர்கள் யாராவது வருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. யாரும் வரவில்லை. இருந்தால்தானே வர.

உச்சியிலிருந்த பல்சக்கரம் முதலில் சாய்ந்தது. அப்புறம் மீதி, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தூசு அடங்கியதும் நாலு ரோடும் ஒன்றுக்கொன்று நேராகத் தெரிந்தன. இவ்வளவு அகலமா இந்த இடம் என்று வினோதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் அவளருகில் வண்டியை நிறுத்தி, எதிர்ப்பக்கம் போகிற ஜனத்தைப் பார்த்து, "தூணு, தூணு" என்று கத்தினான். கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் "தூணு" என்றுதான் கத்தினான். வேறு என்ன சொல்வது?

கம்பெனி பஸ் வந்து கதவைத் திறந்தது. வினோதா ஏறவில்லை. ஏறக்கூடாது என்று நினைத்து நின்றதல்ல. கால் வரவில்லை. பஸ் போனபிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

எல்லம்மாவுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பூட்ச்சா?"

"பூட்ச்சி அத்த."

"அவராண்ட சொல்லாத. சொன்னா அங்கியே உசுரு நின்னுரும்" என்றாள் முத்தம்மாள். எல்லம்மா தலையை ஆட்டினாள். நேற்றுவரை போகட்டும் என்றிருந்தவள்தான். ஆனால் இனி போனால் மூன்று சுற்று இல்லாமல் வெறுமனே போகவேண்டியதுதானே. "யாரும் சொல்லாதீங்க. பொங்கலுக்கு அப்பறம்னே இருக்கட்டும். நானு போயி சொல்லிப் பாக்குறேன்" என்று எழுந்தவள், ரெண்டு அடி வைத்துவிட்டு நின்றுவிட்டாள். போக முடியவில்லை.

வினோதா காலையில் வடித்த கஞ்சியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கிழவரின் கண் திறந்தே இருந்தது. இந்நேரத்தில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவள் தலைமுடியில் படிந்திருந்த வெள்ளைத் தூசைப் பார்த்தார்.

பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

"இடிச்சிட்டாங்க மாமா" என்றாள்.

அவர் அசையவில்லை. ஓட்டின் மேல் மழை சின்னதாகப் பெய்துகொண்டிருந்தது. வினோதா அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. கொன்றுவிட்டோமோ என்ற பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. ஒரு வாரமாக எங்கேயோ போயிருந்த பயம் அது.

"பூராவா?"

"அடியோட மாமா."

"சாலமோன்... இருந்தானா?"

"இருந்தாரு. சேரு போட்டு ஒக்காந்துனு இருந்தாரு. ஒருத்தரும் கூட இல்ல."

துலுக்காணம் கூரையைப் பார்த்தார். யோசிப்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது யார் யார் என்று எண்ணிப் பார்த்திருப்பாரோ என்னவோ. எண்ணினாலும் ரொம்ப நேரம் ஆகாது.

"அப்ப... அவனுக்கும் இல்ல."

"அவருக்கும் இல்ல மாமா. யாருக்கும் இல்ல."

அந்தக் கோணல் வாயின் ஒரு ஓரம் மெதுவாக இறங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தாள்.

"இனிமே இன்னா... அவசரம்" என்றார் துலுக்காணம்.

வாயைத் திறந்தார்.

வினோதாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. ஸ்பூன் கையில் இருந்தது, வாய் திறந்திருந்தது, ரெண்டையும் சேர்க்க வேண்டும் என்பது தோன்றவில்லை. அவர்தான் கண்ணால் கிண்ணத்தைக் காட்டினார். ஒரு ஸ்பூன் போனது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. இருமல் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ரெண்டாவது போனது. வழிந்ததைத் துண்டால் துடைத்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. முதுகுப் புண், ஈரத்துணி, நாளைக் காலை, நாளன்றைக்குக் காலை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனாலும் அடுத்த ஸ்பூனை அவள் கொஞ்சம் நிறையவே எடுத்தாள். கிண்ணம் காலியானபிறகும் கிழவர் வாயை மூடாமல் இருந்தார்.

வினோதா காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். எல்லம்மா அவள் கையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன் அத்த. இன்னும் வேணுமாம்."

எல்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே விட்டாள். "அய்யோ என் ராசா" என்று அவள் போட்ட ஓலம் அந்தத் தெருக்கோடிவரை போயிருக்கும். முத்தம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். எதிர்வீட்டுக்காரிகள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடிவந்தார்கள். ஒருத்தி வரும்போதே கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். வாசல் நிறைந்துவிட்டது.

"எப்ப ஆச்சி? எப்ப ஆச்சிம்மா?"

வினோதா கஞ்சிப் பானையிலிருந்து கரண்டியோடு நிமிர்ந்தாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் வழி வுடுங்கக்கா" என்றாள். "மாமா கஞ்சி கேக்குறாரு."